நாலு அங்குலம்

ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் அண்ணனும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்களும் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் வயிற்றுப் புண் ஆறியதா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை ஆபீஸ் கோப்புகளைப் பார்த்தே பசியாறிக்கொள்கிறீர்களா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்களுக்கு "சரி அண்ணி, பாக்கலாம் அண்ணி" தவிர வேறு வாக்கியம் வருவதில்லை. தாளில் எழுதிக் கொடுத்தால்தான் அரசாங்கத்துக்குக் காது கேட்கும் என்று நீங்களே ஒரு தடவை சொன்னீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ரொட்டிக்கடை உரிமத்தைப் புதுப்பிக்கும் வருஷம் இது. பழைய ஆய்வாளர் தெருவில் நின்றபடியே, "பத்தடி இருக்கும்ல?" என்பார். "இருக்கும் சார்" என்போம். எழுதிக்கொண்டு போய்விடுவார். இப்போது வந்திருக்கிறவர் இரும்பு நாடாவோடு வந்தார். நம் மாவுப் பெட்டி மேலேயே ஏறி நின்று, நாடாவைக் கூரையில் முட்டுக்கொடுத்து, தரைவரை இழுத்து, போட்டோ பிடித்தார். ஒன்பதடி எட்டு அங்குலம்.

"நாலு அங்குலம் கம்மியா இருக்கும்மா" என்றார். "இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் சார் இருக்கு, நேத்து ராத்திரி குள்ளமாகல" என்றேன். மனுஷர் சிரித்தார். கெட்டவர் இல்லை. "நான் என்னம்மா பண்ணட்டும், போட்டோல நம்பர் தெரியுதே" என்று சொல்லிவிட்டு, ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் உயரம் சரியாக இல்லாவிட்டால் அடுப்பை அணைக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்.

அந்த அடுப்பு இதுவரை இரண்டே தடவைதான் ஆறியிருக்கிறது. மாமா இறந்தபோது ஒரு தடவை, உங்கள் கல்யாணத்துக்கு ஒரு தடவை. மூன்றாவது தடவை நாலு அங்குலத்துக்காக என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

கேள்விகளைத் தனித்தாளில் எண் போட்டு எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அப்படித்தானே பிடிக்கும். மொத்தம் எட்டு. எட்டாவதுதான் முக்கியம்: ஏன் பத்தடி? உங்கள் அண்ணன் ஆறடி. மாவு மூட்டையை அடுக்கினால் ஐந்தடி. ரொட்டி எவ்வளவு உப்பினாலும் ஒரு சாண். மீதி உயரம் யாருக்கு? இந்தக் கணக்கைப் போட்ட மகான் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு தடவை நேரில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
அண்ணி

நான் நலம். — அண்ணன்

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

தங்களின் 18ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. இங்கு இருவரும் நலம். வயிறு முன்னைக்குப் பரவாயில்லை. அண்ணனுக்கு ஒரே வரிதான் எழுத வருமா? இருபது வருஷமாக அதே வரியைத்தான் படிக்கிறேன்.

தங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். ஒன்று: ஆய்வாளருக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் கிடையாது. இரண்டு: மாவட்ட அலுவலகத்துக்கும் கிடையாது. மூன்று: மேல்முறையீடு செய்யலாம், ஆனால் முடிவு வரும்வரை அடுப்பு எரியக்கூடாது. நான்கு: வேறு இடத்துக்கு மாறினால் புது உரிமம், அதற்குத் தீயணைப்பு, குடிநீர், கட்டடம் என்று தனித்தனிச் சான்று வேண்டும். ஐந்து: பழைய ஆய்வாளர் பத்து என்று எழுதியதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம். காட்டினால் ஓய்வூதியம் வாங்கும் அந்த மனிதருக்கும் தொல்லை, உங்களுக்கும் தொல்லை. ஆறு: ஆம், மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கும் முந்நூறு பேர் வேலை செய்யும் ஆலைக்கும் இதே விதிதான். ஏழு: இல்லை, அமைச்சருக்கு நேரடியாக எழுதுவதால் பயன் இல்லை. அது சுற்றிச் சுற்றி என் மேசைக்குத்தான் வரும்.

நல்ல செய்தி ஒன்று. சிறுதொழில் விதிகளை எளிமையாக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதன் செயலாளராக என்னைத்தான் நியமித்திருக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு விதிகளை நூறுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. ஆகவே அவசரப்பட்டு எதுவும் செய்யாமல் பொறுத்திருங்கள்.

தங்கள் அன்புள்ள
தம்பி

*

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தான். உங்கள் அண்ணனுக்கு லேசாக ஜலதோஷம். மாவு பறக்கிற இடத்தில் தும்மினால் கடையே பனி பெய்த மாதிரி ஆகிவிடுகிறது. அங்கே குளிர் எப்படி?

ஏழு கேள்விக்குப் பதில் எண்ணி வைத்தது போல் வந்திருக்கிறது. எட்டாவதைக் காணோம். தபால்காரர் தின்றுவிட்டாரா?

நீங்கள் குழுவில் இருப்பது சந்தோஷம். தையல்கடைக்காரரிடம் சொன்னேன். "அடடா, எளிமையாக்கப் போறாங்களா? போன தடவை எளிமையாக்கினப்பதான் நான் ரெண்டு மிஷினை வித்தேன்" என்றார். வாயைப் பாருங்கள்.

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நீங்கள் புதிதாக விட்டிருக்கிற ஒற்றை விண்ணப்பத்தை வாங்கினேன். ஏழு விண்ணப்பம் இருந்த இடத்தில் இனி ஒன்றே ஒன்றுதான் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், 'இத்துடன் இணைக்க வேண்டியவை' என்று பழைய ஏழையும் எழுதியிருக்கிறது. முன்பு ஏழு, இப்போது எட்டு. இந்த எளிமையை யார் தாங்குவது?

கூரையை உயர்த்தலாமா என்று மாடி வீட்டு அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். அவர் வீட்டுத் தரைதான் நம் கூரை. "நாலு அங்குலம் உங்களுக்கு வேணும்னா என் கட்டில நான் எங்க போடறது?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தானே. ஊரில் எல்லோரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். அடுப்பு மட்டும் அணையப் போகிறது.

எட்டாம் கேள்வியை மறுபடி கேட்கிறேன். ஏன் பத்தடி? ஏன் ஒன்பதரை இல்லை? காரணம் தெரிந்தால் என் மனசாவது அடங்கும்.

அண்ணி

தும்மல் நின்றுவிட்டது. — அண்ணன்

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். அண்ணன் உடம்பு தேறியது அறிந்து நிம்மதி. எனக்குத்தான் வயிறு மறுபடி படுத்துகிறது. மருத்துவர் காரத்தைக் குறைக்கச் சொல்கிறார். உங்கள் தங்கச்சி காரத்தோடு பேச்சையும் குறைத்துவிட்டாள். "வீட்டுக்கு வந்தாலும் ஆபீஸ்லயே இருக்கீங்க" என்கிறாள்.

குழு மூன்று தடவை கூடியது. உயர விதியை நீக்கலாம் என்று நானே முன்மொழிந்தேன். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த விதியை எதுக்காகப் போட்டாங்க?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "காரணம் தெரியாம ஒரு விதியை எடுத்துட்டா, அந்தக் காரணம் நாளைக்கு விபத்தா வந்து நிக்கும். முதல்ல காரணத்தைக் கண்டுபிடிங்க, அப்புறம் எடுக்கலாம்" என்றார். கேட்க எரிச்சலாக இருந்தாலும், தீ விபத்து விசாரணைகளை நடத்திய மனிதர் அவர். அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது.

ஆகவே காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மூலக் கோப்பு இருபது வருஷத்துக்கு முந்தையது. பதிவறையில் தேடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் அகப்படவில்லை.

பொறுத்திருங்கள். எதுவும் செய்துவிட வேண்டாம்.

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

சுகம் கேட்டு எழுதுகிறேன், ஆனால் எனக்குச் சுகமாக இல்லை. கோபமாக இருக்கிறது.

உங்கள் குழு நம் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? கடையை உங்கள் அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனேன். இருநூறு பேர். சோப்புச் செய்கிறவர், அச்சகம் வைத்திருக்கிறவர், நாற்காலி பின்னுகிறவர், யார்தான் வரவில்லை. ஆளுக்கு மூன்று நிமிஷம். என் முறை வந்தபோது மேடையில் இருந்த அதிகாரிகளில் ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தார், ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் மட்டும் கேட்டார். நான் கேட்டதும் அதே எட்டாம் கேள்விதான். "நல்ல கேள்வி" என்று எழுதிக்கொண்டார்.

நேற்று அதற்குப் பதில் வந்தது. 'உயர விதி குறித்துத் தாங்கள் தெரிவித்த பாராட்டு பதிவு செய்யப்பட்டது.' தம்பி, நான் எதைப் பாராட்டினேன்? 'நல்ல' என்ற சொல் இருந்ததால் பாராட்டில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் மாவுப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். இந்தக் கடையில் நான் அழுதது இதுதான் முதல் தடவை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காரணம் தேடுகிறீர்களாம். போட்டவனுக்கே தெரியாத காரணத்தை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்? இன்னும் ஐந்து மாதம் கூட இல்லை. 'பொறுத்திருங்கள்' என்று இரண்டு தடவை எழுதிவிட்டீர்கள். பொறுமையை அடுப்பில் போட்டால் ரொட்டி வேகுமா?

உங்கள் அண்ணன் இதுவரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகத் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணி

*

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் அழுதது ஒரு பக்கம், அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னொரு பக்கம். அப்பா இறந்த அன்றுகூட அண்ணன் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் ஒரு வழி செய்கிறேன். என்ன வழி என்று இப்போது கேட்காதீர்கள். நான் செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒரு சின்னத் தகவல் மட்டும் வேண்டும். அப்பா காலத்துப் பழைய கடையில் மழை பெய்தால் தெருத் தண்ணீர் உள்ளே வருமே, நானும் அண்ணனும் தகர டப்பாவால் இறைப்போமே, நினைவிருக்கிறதா? இப்போதைய கடையின் தரை தெருவைவிட உயரம்தானே? எவ்வளவு இருக்கும்? எனக்கு இரண்டு அங்குலம் என்று நினைவு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தம்பி

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. கொஞ்சம் வேலை. அண்ணனுக்கு வலது தோளில் பிடிப்பு. எண்ணெய் தேய்த்து விடுகிறேன். வயசாகிறது என்று சொன்னால் முறைக்கிறார்.

போன கடிதத்தில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். உயர விஷயத்துக்காக இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். உங்கள் வேலை பெரிய வேலை. ஒரு ரொட்டிக்கடைக்காக அதில் உங்களுக்கு எந்தச் சங்கடமும் வந்துவிடக்கூடாது.

தையல்கடைக்காரர் மகளுக்குப் படிப்பு முடிந்தது. மாடி வீட்டு அம்மா புதுக் கட்டில் வாங்கியிருக்கிறார், பழையதைவிட உயரமாம். வேறு விசேஷம் இல்லை. காரம் சேர்க்காதீர்கள். தங்கச்சியோடு பேசுங்கள்.

அண்ணி

தோள் பரவாயில்லை. — அண்ணன்

*

ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

இனித் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று நீங்கள் எழுதியது எனக்கு அறை வாங்கினாற்போல இருந்தது. கோபமாக எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோபம் தீரட்டும் என்றுதான் இதுவரை எழுதவில்லை. இன்று எழுதத் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. உயர விதி ஒழிந்தது. போன வாரம் அரசிதழில் வந்துவிட்டது. ஒன்பதடி எட்டு அங்குலம் என்ன, ஆறடி இருந்தாலும் இனி யாரும் கேட்க முடியாது.

இப்போது எட்டாம் கேள்விக்குப் பதில்.

இருபது வருஷத்துக்கு முன் நான் வேலையில் சேர்ந்த புதிது. உணவுத் தொழில் அறைகளுக்கான வரைவு விதியைத் தயாரிக்கச் சொன்னார்கள். உயரம் எவ்வளவு என்று பொறியாளரைக் கேட்டுக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். "காலியா இருந்தா நல்லாவா இருக்கு? இப்போதைக்கு எதையாவது போட்டு வை" என்றார். அண்ணாந்து என் அறைக் கூரையைப் பார்த்தேன். பத்து இருக்கும் என்று தோன்றியது. பென்சிலில் 10 என்று எழுதினேன். பொறியாளர் பதில் வந்ததும் அழிக்கலாம் என்றுதான் பென்சில். பொறியாளர் மாற்றலாகிப் போய்விட்டார். தட்டச்சு செய்தவர் பென்சில், பேனா என்று பார்க்கவில்லை. கையெழுத்தானது, அச்சானது, சட்டமானது. நான் வேறு பிரிவுக்குப் போய்விட்டேன். அப்புறம் மறந்தே போனேன். போன மாதம் அந்த அறைக்குப் போய் அளந்து பார்த்தேன், அண்ணி. அது பதினொன்று.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். கோப்பு அகப்படவில்லை என்று எழுதினேனே, அதுவும் பொய். மார்ச் முதல் வாரத்திலிருந்து என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. பதவி உயர்வு வரும் வருஷம். வாயைத் திறக்கப் பயந்தேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. 'இந்த விதிக்குக் காரணம் எதுவும் இல்லை, பென்சிலில் எழுதியவன் நான்' என்று குறிப்பு எழுதித் தலைவர் முன் வைத்தேன். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. போகட்டும். வயிறு இப்போது வலிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு விதியை எடுத்தால் அந்த எண்ணில் வேறு ஒன்றை வைத்தால்தான் கோப்பு மேலே நகரும் என்றார்கள். இந்தத் தடவை காரணத்தோடு ஒரு விதி எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பழைய கடையில் நாங்கள் தண்ணீர் இறைத்ததையும், நனைந்த மாவை அப்பா கையால் அள்ளித் தெருவில் கொட்டியதையும் நினைத்துக்கொண்டு எழுதினேன்: 'உணவு தயாரிக்கும் அறையின் தரை, தெரு மட்டத்துக்குக் கீழே இருத்தல் கூடாது.' அரசிதழில் வந்த அன்றே அமலுக்கு வந்துவிட்டது. காரணத்தை ஒரு முழுப் பக்கம் எழுதினேன். தலைவர் படித்துவிட்டு, "இப்படித்தான் ஒரு விதி இருக்கணும்" என்றார். நம் கடை தெருவைவிட இரண்டு அங்குலம் உயரம். ஆகவே உங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

என்னை மன்னிப்பீர்களா என்று கேட்கத் துணிவில்லை. திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி

*

ஜூலை 21

தம்பி,

இன்று ஒரு நாள் 'நீ' என்று எழுதுகிறேன். நான் கல்யாணமாகி வந்தபோது நீ பள்ளிக்கூடப் பையன், அப்படித்தான் கூப்பிட்டேன். அதிகாரியாக இருக்கிற கொழுந்தனிடம் சொல்ல முடியாததை அந்தப் பையனிடம் சொல்லலாம்.

உன் கடிதமும் ஆய்வாளரும் ஒரே நாளில் வந்தார்கள். அதே இரும்பு நாடா. இந்தத் தடவை மாவுப் பெட்டி மேல் ஏறவில்லை. வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்து, தெருவிலிருந்து நம் தரைக்கு அளந்தார். "ரெண்டு அங்குலம் கீழே இருக்கும்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

உன் அண்ணன் துக்கத்தில் தரையைப் பார்க்கவில்லையடா. அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போக முடியாவிட்டால் கீழே போகலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுவதும், கடை மூடிய பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையைப் பெயர்த்து, நாலு அங்குலம் மண்ணை எடுத்து, மறுபடி தளம் போட்டார். ஆள் வைத்தால் ஊருக்குத் தெரியும், அனுமதி இல்லாமல் தோண்டியது உனக்குத் தெரிந்தால் உன் உத்தியோகத்துக்கு இக்கட்டு என்று இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டோம். நீ தெரு மட்டத்தைக் கேட்டு எழுதியபோது அதற்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டேன். உன்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

அடுப்பை நகர்த்த முடியாதே. அதைச் சுற்றித்தான் தோண்டினார். அதனால் அடுப்பு வாய் நாலு அங்குலம் மேலே போய்விட்டது. ஒவ்வொரு தட்டையும் தோளுக்கு மேல் தூக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு என்று உனக்குத் தெரியும். தோள்பிடிப்பு அப்படி வந்ததுதான். பலகை போட்டு நிற்கிறேன் என்றார். ஆய்வாளரிடம் பொதுவாகக் கேட்பது போல் கேட்டுப் பார்த்தேன். "நிரந்தரமா பலகை போட்டா உயரத்தைப் பலகையிலேருந்துதான்மா எடுக்கணும்" என்றார். அதையும் விட்டோம்.

இதெல்லாம் முடிந்து, இனி நிம்மதி என்று மூச்சு விட்ட வாரத்தில் மழை பெய்தது. தெருத் தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டு மூட்டை மாவு பசையாகிவிட்டது. தகர டப்பாவால் நானும் அவரும் இறைத்தோம். ஆக, உன் புது விதி சரியான விதி. நூற்றுக்கு நூறு சரி. அதுதான் என் ஆத்திரமே. தப்பான விதியாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். யாரைத் திட்டுவது?

பத்தடி மகானைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று எழுதினேன். அவர் ஆறு மாதமாக எனக்கே கடிதம் எழுதி, பொறுத்திருங்கள் என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். படித்ததும் உன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒன்று சொன்னாயா? பிப்ரவரியில் ஒரு வரி, 'அண்ணி, அது நான் தெரியாமல் செய்தது, நான் எடுத்துவிடுகிறேன்' என்று எழுதியிருந்தால் உன் அண்ணன் மண்வெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டார். நானும் ஒரு வரி எழுதியிருந்தால் நீ இந்த விதியைப் போட்டிருக்க மாட்டாய். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பதவி உயர்வு போனதற்கு வருத்தம். உண்மையைச் சொன்னதற்குச் சந்தோஷம். மன்னிப்பைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். ஆகஸ்ட் கெடுவுக்கு நாற்பது நாள் இருக்கிறது. நீ இந்தக் கடைக்குள் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வாசல் எங்கே இருக்கிறது, தெரு எங்கே இருக்கிறது என்று உன் நினைவைக் கேட்டு விதி எழுதினாய். கடையைக் கேட்கவில்லை.

அண்ணி

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் இல்லை. பெயர்த்த மண் பின்கட்டில் அப்படியே கிடக்கிறது. எனக்குத் தோளைத் தூக்க முடியவில்லை. வா. — அண்ணன்

*

ஜூலை 28

அண்ணி,

நலம் கேட்டு எழுதும் யோக்கியதை இந்தத் தடவை எனக்கு இல்லை. நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

விதியைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். குழு கலைந்துவிட்டது. அடுத்த குழு போட ஒரு வருஷம் ஆகுமாம். அப்படியே திருத்த முடிந்தாலும் திருத்தக்கூடாது. அது சரியான விதி. தரைதான் மேலே வர வேண்டும்.

மூன்று வாரம் விடுப்புக் கேட்டேன். விடுப்பு விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோரும் 'சொந்த வேலை' என்று எழுதுவார்கள். நானும் இருபது வருஷமாக அப்படித்தான் எழுதினேன். இந்தத் தடவை, 'அண்ணன் கடையில் நாலு அங்குலம் மண் நிரப்ப' என்று பேனாவில் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, "இதென்னய்யா காரணம்?" என்றார். "இதுதான் சார் காரணம்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உங்கள் தங்கச்சியும் வருகிறாள். நான் மண் சுமக்கிறதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நாடாவையும் கொண்டுவருகிறேன்.

அதுவரை அண்ணனை எதையும் தூக்க விடாதீர்கள். மண்வெட்டியை மட்டும் வாசலில் எடுத்து வையுங்கள்.

நீ என்றே கூப்பிடுங்கள்.

தம்பி